கேக் சுட எது வாங்கலாம்? கடாய், ஓடிஜி, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓர் ஒப்பீடு

பிள்ளைகளின் பிறந்தநாள் நெருங்கும்போதும் டிசம்பர் பிறக்கும்போதும் வீட்டில் கேக் சுடும் ஆசை வந்துவிடும். உடனே கேள்வியும் வரும்: ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில்லர் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) வாங்குவதா, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்குவதா, அடுப்பில் இருக்கும் கடாயே போதுமா? கடைக்காரர் "இதுல எல்லாமே பண்ணலாம்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா பத்து வருடமாகக் குக்கரிலேயே கேக் செய்கிறார், நன்றாகவும் வருகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் எந்தக் கேக்குக்கு, எந்த வீட்டுக்கு என்று கேட்டால் பதில் மாறும்.

முடிவு செய்ய எது உதவும்?

லிட்டர், வாட், எத்தனை ஆட்டோ மெனு என்பதையெல்லாம் பார்க்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: மாவுக்கு வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கடாயில் கீழிருந்து மட்டும் வரும். ஓடிஜியில் மேலேயும் கீழேயும் உள்ள ராடுகளிலிருந்து வரும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் விசிறி சுழற்றும் சூடான காற்றாக வரும். அடி கருகுவது, மேல் வெளிறிப்போவது, நடுவில் வெடிப்பது என்று வீட்டுக் கேக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில்தான் தொடங்குகின்றன.

அடுத்து, என்ன சுடப்போகிறீர்கள் என்பது. வாழைப்பழக் கேக்கும் ரவா கேக்கும் மட்டும்தான் என்றால் ஒரு பதில். பன், பிரெட், பட்டர் பிஸ்கட் என்று போனால் வேறு பதில். மாதம் ஒரு முறையா வாரம் இரண்டு முறையா, சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா, மேடையில் இடம் இருக்கிறதா, கேக் சுடாத நாட்களில் அந்தப் பெட்டி எதற்காவது உதவுமா என்பவை அதற்குப் பிறகு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மைக்ரோவேவ் மட்டுமே உள்ள சோலோ மைக்ரோவேவும் கிரில் மைக்ரோவேவும் இந்த ஒப்பீட்டிலேயே வராது. கிரில் ராடு மேலே மட்டும் இருக்கும். அது பனீர் டிக்காவை வாட்டும், கேக்கைச் சுடாது. பெட்டியின் மேல் "கன்வெக்‌ஷன்" என்று போட்டிராவிட்டால் பேக்கிங்குக்காக அதை வாங்காதீர்கள்.

ஒரே மாவு, மூன்று சூடு

ஒப்பிடுவதற்கு ஒரு சாதாரண வெண்ணெய்க் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பில்லா வெண்ணெய் 120 கிராம், பொடித்த சர்க்கரை 130 கிராம், முட்டை 3, பால் 3 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சலித்த மாவையும் பாலையும் மெதுவாகக் கலந்தால் 7 அங்குல வட்ட டின் ஒன்றுக்குச் சரியாக இருக்கும்.

| | கடாய் | ஓடிஜி | கன்வெக்‌ஷன் |
|---|---|---|---|
| சூடு | சிம் | 170 டிகிரி, இரண்டு ராடும் | 160 டிகிரி |
| நேரம் | 45 - 55 நிமிடம் | 35 - 40 நிமிடம் | 35 - 40 நிமிடம் |
| டின் வைக்கும் இடம் | வளையத்தின் மேல் | கீழ் ரேக் | உயரம் குறைந்த ரேக் |
| மேல்பக்கம் | வெளிர் மஞ்சள், லேசான பிசுபிசுப்பு | சீரான பொன்னிறம் | சீக்கிரம் சிவக்கும், நடுவில் கூம்பும் |
| அடிப்பக்கம் | கரும்பழுப்பு | பழுப்பு | வெளிர் பழுப்பு |

கடாய், குக்கர்: கீழிருந்து மட்டும் சூடு

பணமே செலவில்லாத வழி என்பதற்காக இதைக் குறைத்து எடை போட வேண்டாம். ஈரப்பதம் உள்ளேயே தங்குவதால் வாழைப்பழக் கேக், பேரீச்சம்பழக் கேக், தயிர் சேர்த்த ரவா கேக் எல்லாம் கடாயில் மிருதுவாகவே வரும்.

கனமான அலுமினிய பிரியாணிப் பாத்திரம் அல்லது 10 அங்குலத்துக்குக் குறையாத இரும்புக் கடாய் எடுத்துக்கொள்ளுங்கள். டின்னைச் சுற்றி ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும்; டின்னுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம். அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஓர் அங்குல உயர வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காய விடுங்கள். டின்னை வைத்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை திறந்து மூடியின் உட்பக்க நீரைத் துடைத்துவிட்டு மூடினால் மேல்பக்கம் ஓரளவு உலரும். 45 நிமிடத்தில் தென்னை ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர்க்கில் ஈர மாவு ஒட்டாமல் வந்தால் போதும். ஓரிரண்டு துகள் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

அடி கருகுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு: வளையம் தாழ்வாக இருக்கிறது, அல்லது சிம் என்று நினைத்த தீ சிம்மாக இல்லை. பெரிய பர்னரை விட்டுச் சிறிய பர்னருக்கு மாற்றுங்கள். டின்னின் அடியில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். அப்படியும் கருகினால் கடாய்க்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்துவிடலாம்.

செலவே இல்லை என்று சொன்னாலும் மறைமுகமாக ஒன்று உண்டு, அது பாத்திரம். பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் காய வைக்கக் கூடாது. அடி வளையும். மூடியிலுள்ள சேஃப்டி வால்வில் சூட்டில் உருகும் உலோகம் இருப்பதால் அதுவும் கெட்டுப்போகலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டால் பிரஷர் ஏறாது என்பது சரிதான். வளைவதை அது தடுக்காது. ஆகவே தினமும் சாதம் வைக்கும் குக்கரைக் கேக்குக்கு எடுக்காதீர்கள். பழைய குக்கர் இருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். நான்ஸ்டிக் கடாய் வேண்டவே வேண்டாம். வெறுமனே காயும்போது 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். கல்லுப்பு போட்டால் சுட்டு முடித்ததும் டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். ஈரம் பட்ட உப்பு அலுமினியத்தை அரித்துக் குழி விழச் செய்யும்.

கடாய் எங்கே கைகொடுக்காது? மேலிருந்து சூடு தேவைப்படும் எதிலும். பிஸ்கட் ஒரு நடைக்கு ஆறோ ஏழோதான் கொள்ளும், அதுவும் அடி சிவந்து மேல் வெள்ளையாக வரும். பஃப்ஸ் அடுக்கு விரியாது. பழமும் சர்க்கரையும் நிறைந்த பிளம் கேக்கை ஒன்றேகால் மணி நேரம் கடாயில் விட்டால் அடிப்பக்கப் பழமெல்லாம் கசந்துவிடும். இவைதான் உங்கள் பட்டியல் என்றால் மேலே படியுங்கள்.

ஓடிஜி: இருபக்கச் சூடு

பேக்கிங்குக்காகவே ஒரு பெட்டி வாங்குவதென்றால் என் தேர்வு ஓடிஜிதான். பேக்கரி அடுப்பின் வேலையைச் சிறிய அளவில் செய்வது இதுதான். மேல் ராடு மட்டும், கீழ் ராடு மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மாற்றிக்கொள்ள ஒரு குமிழ் இருக்கும். சூட்டின் திசை உங்கள் கையில் இருக்கிறது. பிஸ்கட்டின் அடி வேகவில்லையென்றால் கடைசி 3 நிமிடம் கீழ் ராடு மட்டும். பீட்சாவில் சீஸ் சிவக்கவில்லையென்றால் கடைசி 3 நிமிடம் மேல் ராடு மட்டும். கடாயிலும் கன்வெக்‌ஷனிலும் இந்த வசதி கிடையாது.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். 16 முதல் 19 லிட்டர் ஓடிஜியில் 7 அங்குல டின் நுழையும். ஆனால் மேல் ராடு மாவுக்கு மிக அருகில் இருப்பதால் கேக் உப்பும் முன்பே மேலே தோல் கட்டி, பிறகு வெடிக்கும். அதில் சுடுவதென்றால் கீழ் ரேக்கில் வைத்து, 25 நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 28 லிட்டருக்கு மேல் போனால் நிம்மதி. ஒரு கிலோ கேக்கும், ஒரு நடைக்கு 12 பிஸ்கட்டும், 8 அங்குல பிரெட் டின்னும் தாராளமாக நிற்கும். 40 லிட்டருக்கு மேல் வாங்குவது விற்பனைக்குச் சுடுபவர்களுக்குத்தான் சரி. வீட்டில் அது இடத்தையும் பிரீஹீட் (டின்னை வைக்கும் முன் காய விடும்) நேரத்தையும் தின்னும்.

ஓடிஜியின் பெரிய குறை அதன் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளவாக வைக்கும் பாகம். குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 160ம் இருக்கலாம், 200ம் இருக்கலாம். "ரெசிபியில் 35 நிமிடம் என்று போட்டிருந்தது, எனக்கு ஒரு மணி நேரம் ஆனது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். ரேக்கில் தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான். அது கிடைக்காவிட்டால் சர்க்கரையை வைத்தே சோதிக்கலாம். சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, பிரீஹீட் செய்த ஓடிஜியில் குமிழை 175ல் வைத்து 15 நிமிடம் விடுங்கள். உருகக் கூடாது. 195ல் வைத்து மறுபடி 15 நிமிடம். உருக வேண்டும். முதலிலேயே உருகினால் உங்கள் ஓடிஜி அதிகம் காய்கிறது. எப்போதும் 15 - 20 டிகிரி குறைத்து வையுங்கள். இரண்டாவதிலும் உருகாவிட்டால் அதே அளவு கூட்டுங்கள்.

கேக்குக்குக் கீழ் ராடு மட்டும் போடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அப்படிச் செய்தால் ஓடிஜி கொஞ்சம் பெரிய கடாய் ஆகிவிடும். மேல்பக்கம் வெளிறி, நேரமும் இழுக்கும். 28 லிட்டரிலும் அதற்கு மேலும் இரண்டு ராடையும் போட்டுக் கீழ் ரேக்கில் வைப்பதே சரி.

செலவுக் கணக்கில் முதலில் வருவது பிளக். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டில் எடுக்க முடிவது 1380 வாட்தான். 28 லிட்டர் ஓடிஜி பெரும்பாலும் 1500 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் அந்த பாக்ஸே இளகிக் கருகலாம். 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். ஓடிஜி வாங்கும் முன் சமையலறைச் சுவரைப் பாருங்கள். ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் போக மிச்சம் பாயிண்ட் இருக்கிறதா?

அடுத்தது வோல்டேஜ். ராடு தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மாலை நேரத்தில் 230 வோல்ட் 200க்கு இறங்கினால் சூடு நான்கில் மூன்று பங்காகிவிடும். 1500 வாட் ராடு ஏறக்குறைய 1130 வாட்டாகத்தான் வேலை செய்யும். லோ வோல்டேஜ் பகுதியில் இருப்பவர்கள் காலையிலோ மதியத்திலோ சுடுவது நல்லது. கரன்ட் போனால் இன்னொரு சிக்கல்: முறுக்கி விடும் டைமர் கரன்ட் இல்லாமலும் ஓடிக்கொண்டே இருக்கும். "டிங்" என்ற சத்தத்தை நம்பி எடுத்தால் உள்ளே பச்சை மாவு.

தினசரிச் சமையலில் ஓடிஜி அவ்வளவாக உதவாது. மீந்த குழம்பைச் சுட வைக்க இதைப் போட மாட்டீர்கள். முந்திரி வறுப்பது, பிரெட் டோஸ்ட், தந்தூரி சிக்கன் என்று சில வேலைகளுக்கு வரும், அவ்வளவுதான்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்: சுழலும் காற்று

பொதுவாக அதே அளவு ஓடிஜியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அந்தக் கூடுதல் பணம் பேக்கிங்குக்காகக் கொடுப்பது இல்லை. பால் காய்ச்சவும் சாதம் சூடு பண்ணவும் உருளைக்கிழங்கு வேக வைக்கவும் தினமும் பயன்படும் மைக்ரோவேவுக்காகக் கொடுப்பது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாதம் ஒன்றிரண்டு கேக்கோடு நிற்பவர்களுக்கு அது நியாயமான கணக்கே.

காற்று சுழல்வதால் சூடு சீராகப் பரவும். தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் ஓடிஜியைவிடச் சரியாக இருக்கும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர வேண்டிய பண்டங்கள் இதில் அருமையாக வரும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்ய 110 - 120 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த மெல்லிய சூட்டைச் சில ஓடிஜிகளால் நிலையாகத் தர முடியாது; ராடு அணைந்து மறுபடி எரியும்போதெல்லாம் மேல்பக்கம் பழுப்பேறும். கன்வெக்‌ஷனில் வெண்மையாகவே உலரும்.

அடிச்சூடு குறைவு என்பதே இதன் குறை. பீட்சாவின் அடி தொளதொளவென்று இருக்கும். பிரெட்டின் கீழ்த்தோல் வெளிறி, டின்னிலிருந்து எடுத்த சிறிது நேரத்தில் சுருங்கும். பல மாடல்களில் சூடு 200 டிகிரியோடு நின்றுவிடும், சிலவற்றில் 220 வரை போகும். மொறுமொறு தோலுள்ள பிரெட் வேண்டுமென்றால் 200 போதாது.

கேக் கூம்பி வெடிப்பதற்குக் காரணம், வேகமான காற்று மேல்தோலைச் சீக்கிரம் இறுக்கிவிடுவது. உள்ளே இருக்கும் மாவு அதற்குப் பிறகுதான் உப்புகிறது. போக வழியில்லாமல் நடுவில் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓடிஜிக்குச் சொன்ன சூட்டில் 10 முதல் 20 டிகிரி குறையுங்கள். பிரீஹீட்டை மட்டும் 10 - 20 டிகிரி கூட்டி வைத்து, டின்னை உள்ளே வைத்தபின் சரியான அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தவுடன் சூடு மளமளவென்று இறங்கிவிடுவதால் இந்த ஏற்பாடு. டின்னை நேராகக் கண்ணாடித் தட்டில் வைக்காமல் உயரம் குறைந்த ரேக்கில் வைத்தால்தான் அடியிலும் காற்று போகும்.

உலோக டின்னைக் கன்வெக்‌ஷன் மோடில் மட்டுமே வைக்கலாம். மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் கலந்த காம்பி மோடில் வைத்தால் பொறி பறக்கும். தட்டு சுற்றுவதால் சதுர டின்னின் மூலை சுவரில் இடித்து நிற்கும். டின்னின் மூலைக்கு மூலை அளவு தட்டின் விட்டத்துக்குள் இருக்க வேண்டும். கேக் எடுத்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பை வைத்து மைக்ரோவேவ் போட்டுவிடாதீர்கள். உள்சுவர் அரை மணி நேரத்துக்குச் சூடாகவே இருக்கும், டப்பா இளகிவிடும்.

ரிப்பேர் என்று வந்தால் ஓடிஜியில் ராடும் தெர்மோஸ்டாட்டும்தான், பக்கத்துக் கடையிலேயே மாற்றலாம். இதில் மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரானும் எலக்ட்ரானிக் போர்டும் இருக்கின்றன. வாரண்டி முடிந்தபின் அவை போனால் கையைக் கடிக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஏர் ஃபிரையர் இருக்கிறதே?

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 6 அங்குல டின்னில் சின்னக் கேக் சுடலாம். 150 - 160 டிகிரி போதும், 20 நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடி, டின்னின் விளிம்பில் அதை இறுக்கி மடித்துவிடுங்கள். தளர்வாக விட்ட தாளையும் பட்டர் பேப்பரையும் காற்று தூக்கி மேல் ராடில் ஒட்ட வைத்துவிடும். கேக்குக்காகவே புதிதாக வாங்கும் பொருள் இல்லை இது.

கரன்ட், கேஸ் கணக்கு

பலரும் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. 1500 வாட் ஓடிஜி பிரீஹீட்டில் தொடர்ந்து எரியும். அதன்பின் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும். ஒரு கேக்குக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் பிடியுங்கள். கன்வெக்‌ஷனும் ஏறக்குறைய அதே அளவுதான். கடாயில் ஒரு மணி நேரச் சிம் தீக்கு 60 - 80 கிராம் கேஸ் ஆகும், 14.2 கிலோ சிலிண்டரில் அது பெரிய பங்கில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு மாத பில்லின் 500 யூனிட் எல்லையை. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடும். வழக்கமாக 490ல் நிற்கும் வீடு வாரம் இரண்டு கேக் சுட ஆரம்பித்தால் பில்லில் சட்டென்று ஏற்றம் தெரியும்.

யாருக்கு எது?

இதுவரை கேக்கே சுட்டதில்லை என்றால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கடாயில் சுடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசும் 7 அங்குல டின்னும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மாவு கலக்கும் பக்குவம் கைக்கு வந்தபின், "இதில் பிஸ்கட் வரமாட்டேன் என்கிறதே" என்று நீங்களே அலுத்துக்கொள்ளும் நாள் வரும். அப்போது கடைக்குப் போகலாம். அடிக்கடி கரன்ட் போகும் ஊரிலும், பவர் பிளக் இல்லாத வாடகை வீட்டிலும் கடாயே நல்ல முடிவு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் மற்ற இரண்டையும் தாங்காது.

பன், பிரெட், பிஸ்கட், பஃப்ஸ், கிறிஸ்துமஸ் பிளம் கேக் எல்லாம் ஆசை என்றால் ஓடிஜி. வீட்டிலிருந்து ஆர்டர் எடுக்க நினைப்பவர்களுக்கும் இதுதான். அடுத்தடுத்து நான்கு கேக் சுட்டாலும் சளைக்காது.

மைக்ரோவேவ் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், மேடையில் ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்றால் கன்வெக்‌ஷன் எடுங்கள். ஏற்கெனவே சோலோ மைக்ரோவேவ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதை மாற்றாமல் பக்கத்தில் ஓர் ஓடிஜி வைப்பது மலிவு, பேக்கிங்கும் நன்றாக வரும்.

கடைக்குப் போகும்போது உங்கள் டின்னைக் கையோடு எடுத்துப் போங்கள். ரேக்கில் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். ஓடிஜி என்றால் கதவைப் பாதி திறந்து விடுங்கள். தடாலென்று விழுந்தால் ஸ்பிரிங் சரியில்லை. ஓடிஜி வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒன்றும் வைக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, அதிகபட்சச் சூட்டில் 15 நிமிடம் ஓட விடுங்கள். ராடில் பூசியிருக்கும் எண்ணெய் எரிந்து புகை வரும். பயப்பட வேண்டாம். ஆறியதும் ஈரத்துணியால் உள்ளே துடைத்துவிட்டு முதல் கேக்கை ஏற்றலாம்.